தொங்கும் தோலும் தொடரும் சிகிச்சையும்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டைக் கடந்தவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, அவர்களுடைய கோப்பில் பெரும்பாலும் நல்ல செய்திகளே இருக்கும். முப்பது, நாற்பது கிலோ குறைந்திருக்கும், இன்சுலின் நின்றிருக்கும், இரத்த அழுத்த மாத்திரைகள் மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்க இரவுதோறும் அணிந்த முகமூடி தேவையற்றுப் போயிருக்கும். ஆனால் உடன் வந்தவர் சற்று வெளியே சென்றதும், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: "டாக்டர், இந்தத் தோலை என்ன செய்வது?"

இக்கேள்விக்கு நம் சமூகம் இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. "உயிர் பிழைச்சதே பெரிசு, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ற வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்பது வீட்டில் கிடைக்கும் விடை. "ஒரே அறுவை சிகிச்சையில் புதிய உடல்" என்பது விளம்பரத்தில் கிடைக்கும் விடை. முதலாவது நோயாளியின் துன்பத்தைச் சிறிதாக்குகிறது; இரண்டாவது அறுவை சிகிச்சையின் ஆற்றலைப் பெரிதாக்குகிறது. இரண்டையும் நாங்கள் ஏற்பதில்லை. மிகைத்தோலை அகற்றும் உடல் வடிவச் சீரமைப்பு அறுவை சிகிச்சை, தேவையுள்ளவர்களுக்கு, உடற்பருமன் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். எடையை நிலைநிறுத்தியவர்களுக்கே அது நீடித்த பயனைத் தரும். அதைப் பற்றிய பேச்சு, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்பே, குடும்பத்தார் முன்னிலையில் தொடங்க வேண்டும். இம்மூன்றையும் ஏன் வலியுறுத்துகிறோம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

தோல் ஏன் தானாகச் சுருங்குவதில்லை?

தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன். இழுத்துவிட்டால் மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருவது எலாஸ்டின். பல்லாண்டுகள் மிகுந்த எடையால் விரிந்து கிடந்த தோலில் இவ்விரு வகை இழைகளும் சிதைந்துவிடுகின்றன. உள்ளிருந்த கொழுப்பு ஓராண்டுக்குள் கரைந்தாலும், சிதைந்த இழைகள் அதே வேகத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை ஆண்டுகள் பருமனாக இருந்தார், வயது என்ன, புகைபிடிப்பாரா, பேறுகாலங்களில் வயிறு எவ்வளவு விரிந்தது, பரம்பரைத் தன்மை என்ன என்பவற்றைப் பொறுத்து ஒருவருக்கும் மற்றொருவருக்கும் வேறுபாடு இருக்கும். இருபத்தைந்து வயதில் இருபது கிலோ குறைத்தவரின் தோல் ஓரளவு ஒட்டிக்கொள்ளலாம். ஐம்பது வயதில் ஐம்பது கிலோ குறைத்தவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

உடற்பயிற்சி செய்யாததால்தான் தோல் தொங்குகிறது என்று பலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். பயிற்சி, தோலுக்கு அடியிலுள்ள தசையை வளர்க்கும். அதனால் தோற்றம் சற்று மேம்படும். மிகையான தோலின் நீளத்தைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சந்தையில் விற்கும் களிம்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் அந்த ஆற்றல் இல்லை. எனவே, தொங்கும் தோல் நோயாளியின் சோம்பலுக்குச் சான்று ஆகாது. சிகிச்சை வென்றதன் விளைவுகளுள் அதுவும் ஒன்று.

எடைக்குறைப்புக்கான டிர்செபடைட், செமக்ளூடைட் வார ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. அறுவை சிகிச்சையின்றியே பெருமளவு எடை குறைப்பவர்கள் இனி மிகுவர். இதே கேள்வியோடு வருபவர்களும் மிகுவர்.

இது அழகு பற்றிய கவலை மட்டுமா?

வயிற்றுத் தோல் ஒரு பெரிய மடிப்பாகத் தொடை வரை இறங்கும்போது, அம்மடிப்பின் உட்பகுதியில் காற்றுப் படுவதில்லை. வியர்வை தேங்குகிறது, தோலோடு தோல் உராய்கிறது, ஈரமும் வெப்பமும் சேர்ந்த அவ்விடம் பூஞ்சைக்கு ஏற்ற இடமாகிறது. அரிப்பும் எரிச்சலும் துர்நாற்றமும் தோன்றுகின்றன. சொறியச் சொறியப் புண்ணாகின்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் இத்தொல்லையோடு வருபவர்கள் பலர். களிம்பு தடவினால் ஆறும். நிறுத்தினால் மீண்டும் வரும். மடிப்பு இருக்கும்வரை காரணமும் இருக்கிறதன்றோ?

தொடைகளின் உட்புறத் தோல் உராய்வதால், நடைப்பயிற்சிக்குச் செல்பவர் அரை கிலோமீட்டரிலேயே திரும்பிவிடுகிறார். குனிந்து காலணி அணிவதும் கழிப்பறையில் தூய்மை செய்துகொள்வதும் சிலருக்குக் கடினமாகின்றன. மேற்கைத் தோல் தொங்குவதால், எடை குறைந்த பின்னும் பழைய அளவிலேயே ரவிக்கை தைக்க வேண்டியிருக்கிறது என்று பெண்கள் கூறுகின்றனர். ஆண்களுக்கு மார்புத் தோல் தொங்குவது, சட்டையைக் கழற்றி ஒரு கோயிலுக்குள் நுழையவும் கூச வைக்கிறது. எடை மிகுந்திருந்த காலத்தில் உடலை மறைத்து வாழ்ந்தவர்கள், எடை குறைந்த பின்னும் மறைத்தே வாழ்கின்றனர்.

இதற்கு மேல் உறவினரின் சொற்கள் உண்டு. கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள், "என்ன இப்படி வத்திப் போயிட்ட, சுகர் முத்திப்போச்சா?" என்று கேட்கின்றனர். அன்பால் கேட்பவர்களும் உண்டு. கேட்கப்பட்டவருக்கு வலி ஒன்றுதான். இத்தகைய கேள்விகளுக்கு அஞ்சி விழாக்களுக்குச் செல்வதை நிறுத்தியவர்களை நாங்கள் அறிவோம். பயிற்சியும் வெளியுலகமும் குறையும்போது மனச்சோர்வு வருகிறது. மனச்சோர்வோடு கொறித்தலும் வருகிறது. தோல், எடையைப் பாதிக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

காப்பீடு வகுத்துள்ள எல்லை

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், மருத்துவக் காப்பீட்டில் எவற்றுக்குப் பணம் தரப்படாது என்பதற்கான பொதுவான சொற்களை 2019இல் வகுத்தது. அதன்படி, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சில நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு போன்றவை இருப்பின் 35 போதும். ஆனால் தோற்றத்தை மாற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின்னான சீரமைப்புக்கு விலக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு மருத்துவ முறையில் தேவைப்படும் சிகிச்சைக்கும், சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளித்தால், விலக்கு உண்டு.

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பின் அதைச் சீரமைப்பது சிகிச்சையின் தொடர்ச்சி என்பதை இவ்விதி ஏற்கிறது. அது நியாயமானது. உடற்பருமனும் ஒரு நாட்பட்ட நோய் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. அந்நோய்க்கான சிகிச்சையை ஏற்றுக்கொண்ட காப்பீடு, அச்சிகிச்சை வென்றால் நிகழும் என்று முன்பே தெரிந்த ஒரு விளைவை மட்டும் அழகுக் கணக்கில் எழுதுவது முரண்பாடாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

எல்லா வகை உடல் வடிவச் சீரமைப்புக்கும் காப்பீடு பணம் தந்தால் கட்டணம் உயரும். அச்சுமை எல்லாரையும் சேரும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. எனவே எல்லாவற்றுக்கும் கேட்கவில்லை. எடை ஆறு மாதங்களாவது நிலையாக இருக்கின்றதா, மடிப்பு இடுப்புக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது, மூன்று மாத முறையான சிகிச்சைக்குப் பின்னும் புண் மீண்டும் மீண்டும் வருகின்றதா, நடப்பதும் தூய்மை காப்பதும் தடைபடுகின்றனவா என்னும் அளவுகோல்களை வைத்துத் தீர்மானிக்கலாம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் வயிற்று மடிப்பை அகற்றுவதற்கு இத்தகைய அளவுகோல்களையே பின்பற்றுகின்றன. நம் நாட்டிலும் தெளிவான அளவுகோல் ஒன்று எழுதப்பட்டால், நோயாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

அதுவரை நோயாளிகள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மடிப்பில் புண் வரும்போதெல்லாம் தோல் மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பதிவில் அப்புண் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பாலிசியின் நிபந்தனைகளை முன்கூட்டியே படித்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். மருத்துவர் தரும் சான்று, இத்தகைய பதிவுகள் துணை நின்றால்தான் வலுப்பெறும்.

எந்த அறுவை சிகிச்சை, எப்போது?

வயிற்றுத் தோல் மடிப்பை மட்டும் வெட்டி அகற்றுவது பானிக்குலெக்டமி. தோலை அகற்றுவதோடு, விலகிப்போன வயிற்றுத் தசைகளை இறுக்கித் தைத்து, தொப்புளை உரிய இடத்தில் அமைப்பது அப்டாமினோபிளாஸ்டி. இடுப்பைச் சுற்றி முதுகுப்புறத் தோலையும் சேர்த்து அகற்றும் முறையும் உண்டு. மேற்கை, தொடை, மார்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறுவை சிகிச்சைகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது பாதுகாப்பானதன்று. சில மாத இடைவெளியில் படிப்படியாகச் செய்வதே வழக்கம். எந்தத் தொல்லை மிகுதியோ அதிலிருந்து தொடங்கலாம். வயிறு மட்டும் போதும் என்று நிறைவடைபவர்களும் பலர்.

காலத்தைப் பொறுத்தவரை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து 12 முதல் 18 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் எடை மூன்று முதல் ஆறு மாதங்கள் ஏற்ற இறக்கமின்றி நிலைத்திருக்க வேண்டும். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே தோலை அகற்றினால், மேலும் எடை இறங்கி மீண்டும் தோல் தளரும். எடை ஏறிக்கொண்டிருக்கும்போது அகற்றினால், தைத்த இடம் விரிந்து தழும்பு அகலமாகும், செய்தது வீணாகும். "தங்கை கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுடலாமா?" என்று கேட்பவர்களின் ஆவல் புரிகிறது. காயம் ஆறுவதற்கு முகூர்த்த நாள் தெரியாது என்பதே எங்கள் விடை.

இரத்தப் பரிசோதனையும் அதே அளவுக்கு முக்கியமானது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உணவின் அளவு குறைகிறது. பைபாஸ் செய்தவர்களுக்குச் சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, ஆல்புமின், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவை குறைந்த நிலையில் நீண்ட காயத்தை உண்டாக்கினால் அது எளிதில் ஆறாது. குறை இருப்பின் முதலில் அதைச் சரிசெய்கிறோம். பிறகே பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்புகிறோம். புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் தோலுக்குச் செல்லும் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், தைத்த தோலின் ஓரம் கருகிப்போகும் ஆபத்து இருக்கிறது. குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது நல்லது. வயிற்றுத் தோல் அறுவை சிகிச்சையைப் பேறுகாலம் முடிந்த பின் வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோலுக்கு அடியில் நீர் தேங்குதல், இரத்தம் கட்டுதல், தையல் பிரிதல், தொற்று, தோல் ஓரம் கருகுதல் ஆகியவை நேரலாம். கால் நரம்பில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து அரிதானது. ஆனால் உயிருக்கே இறுதியாகக் கூடியது. பெருமளவு எடை குறைத்தவர்களுக்கு இச்சிக்கல்கள் மற்றவர்களைவிட மிகுதியாகவே காணப்படுகின்றன. தழும்பு நிச்சயம் இருக்கும். வயிற்றில் அது ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளும். தொங்கும் தோலுக்கு மாற்றாக ஒரு நீண்ட தழும்பைப் பெற்றுக்கொள்ளச் சம்மதமா என்று நோயாளி தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் 'ஆம்' என்கின்றனர். 'இல்லை' என்பவர்களின் முடிவும் மதிக்கத்தக்கதே.

இந்த அறுவை சிகிச்சை செய்யாதவை

அகற்றப்படும் தோலும் அதனோடு ஒட்டிய கொழுப்பும் பெரும்பாலும் சில கிலோ மட்டுமே. இதை எடைக்குறைப்பாகக் கருதி வருபவர்கள் ஏமாற்றமடைவார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனுக்கும் இது பொருந்தும். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 15 பெண்களிடமிருந்து சராசரியாக 10 கிலோ அளவுக்குக் கொழுப்பு உறிஞ்சப்பட்டது. அதன் பின்னும் அவர்களுடைய உடலில் இன்சுலின் செயல்படும் திறன் மேம்படவில்லை. இரத்த அழுத்தமும் குறையவில்லை. அதே அளவு கொழுப்பு, உணவுக் கட்டுப்பாட்டால் குறைந்திருந்தால் அப்பயன்கள் கிடைத்திருக்கும். உடல் தானே செலவழிக்கும் கொழுப்புக்கும் வெளியிலிருந்து எடுக்கப்படும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு இது.

உடல் வடிவச் சீரமைப்பு செய்துகொண்டவர்கள் எடையை நன்றாகக் காக்கின்றனர் என்று கூறப்படுவதுண்டு. ஜெனீவா மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பைபாஸுக்குப் பின் தோலையும் அகற்றிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடையைத் திரும்பப் பெற்றதாகக் காட்டியது. இது ஊக்கமளிக்கும் செய்திதான். நடப்பது எளிதாவதும் உடலின் மீது விருப்பம் வருவதும் காரணங்களாக இருக்கலாம். ஆயினும், ஏற்கெனவே ஒழுங்கோடு எடையைக் காத்தவர்கள்தாமே இந்த அறுவை சிகிச்சைக்கு முன்வருகின்றனர்? எனவே பயன் முழுவதையும் கத்திக்கே உரியதாக்குவது பொருந்தாது.

எடையைக் காத்தல்

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு ஒன்று, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. பைபாஸ் செய்துகொண்டவர்கள், முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் சராசரியாக 32 விழுக்காட்டை இழந்திருந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் அது 25 விழுக்காடாக இருந்தது. 120 கிலோ எடையுள்ளவருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், 82 கிலோவுக்கு இறங்கி, பிறகு 90 கிலோவில் நிற்பது போன்றது. இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். ஓரளவு எடை திரும்புவது இயல்பு. அதற்காக அறுவை சிகிச்சையே தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை. அதே வேளையில், இரைப்பை சிறிதாக்கப்பட்டதால் எடை தன்னால் காக்கப்படும் என்று நம்பியிருக்கவும் கூடாது. எடை குறைந்த உடல், செலவழிக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, பழைய எடைக்குத் திரும்பவே முயலும்.

எங்கள் நோயாளிகளுக்குச் சொல்லும் வழிமுறைகள் கடினமானவையல்ல. முதலில் புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் தோசை என்று உண்பவர் 60 கிராமை எட்டுவது கடினம். தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர் ஆகியவற்றில் ஒன்றை உண்டு, பின்னர் காய், கடைசியில் சோறு என்னும் வரிசையைப் பழக்கிக்கொள்ளுங்கள். உண்ணும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சிறிய இரைப்பை, ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும். மணிக்கொரு முறை உள்ளே போகும் முறுக்கையும் மிக்சரையும் தடுக்காது. சர்க்கரை போட்ட காபி, பழச்சாறு, பாயசம் ஆகியவை எந்தத் தடையுமின்றி இறங்கிவிடும். எடை திரும்பியவர்களின் உணவுக் குறிப்பைப் பார்த்தால், பெரிய உணவுகளைவிட இத்தகைய சிறு சிறு வரவுகளே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. பைபாஸ் செய்தவர்களுக்கு மது மிக விரைவாக இரத்தத்தில் கலக்கும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

வாரம் ஒருமுறை, ஒரே எடைக் கருவியில், காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மிகக் குறைந்த எடையிலிருந்து மூன்று கிலோ கூடினால், அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் வாருங்கள். பத்து கிலோ கூடிய பின் வெட்கத்தோடு வருவதைவிட மூன்று கிலோவில் வருவது நமக்கு எளிது. இன்று மருந்துகளும் துணைக்கு உள்ளன. நடைப்பயிற்சியோடு, வாரம் இரண்டு மூன்று நாட்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யுங்கள். வைட்டமின், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, தேநீருடன் விழுங்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு

தோல் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரங்கள் வீட்டில் ஒருவர் துணை இருந்தே ஆக வேண்டும். நீர் வடியும் குழாயில் சேரும் அளவைக் குறித்து வைக்க வேண்டும். வயிறு இழுப்பதால் நோயாளி சற்றுக் குனிந்தே நடப்பார். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடமோ எரிவாயு சிலிண்டரோ குழந்தையோ தூக்கக் கூடாது. இறுக்கமான உள்ளாடையை மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிய வேண்டும். காய்ச்சல், திடீரென வீங்கும் கால், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, புண்ணிலிருந்து சீழ் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். வீட்டின் வேலைகளைத் தோளில் சுமக்கும் பெண்ணுக்கு இந்த ஓய்வு கிடைக்குமா என்பதே, பல குடும்பங்களில், பணத்தைவிடப் பெரிய கேள்வியாக இருக்கிறது. அதற்கான விடை குடும்பத்தாரிடமே இருக்கிறது.

தோலை அகற்றிக்கொள்ள வேண்டாம் என்று நோயாளியே முடிவு செய்திருந்தால், அவரை வற்புறுத்தாதீர்கள். மடிப்புகளைக் கழுவி, ஈரமின்றித் துடைத்து, பருத்தித் துணி வைத்துக் காத்துக்கொண்டு நலமாக வாழ்பவர்கள் பலர் இருக்கின்றனர். வேண்டும் என்று அவர் கேட்டால், "இந்த வயசுல எதுக்கு?" என்று வாயை அடைக்காதீர்கள். அவருடன் ஒருமுறை மருத்துவரிடம் வந்து, கேள்விகளை நீங்களும் கேளுங்கள்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காக முதன்முறை வருபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. மருத்துவமனைச் சுவர்களிலும் விளம்பரங்களிலும் காணும் 'முன்-பின்' படங்களில் இருப்பவர்கள் ஆடை அணிந்தவர்கள். ஆடைக்குள் இருப்பதைப் பற்றியும் முதல் நாளே கேளுங்கள். தோல் எவ்வளவு தொங்கும், எப்போது அகற்றலாம், யார் செய்வார், செலவை எப்படித் திட்டமிடுவது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மருத்துவக் குழு அதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டது. தோலுக்கு அஞ்சி எடைக்குறைப்புச் சிகிச்சையையே தள்ளிப்போடுபவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: கட்டுக்கடங்காத நீரிழிவும் உறக்கத்தில் நிற்கும் மூச்சும் காத்திருப்பதில்லை; தோல் காத்திருக்கும். முதலில் உடலைக் காப்போம், எடையை நிலைநிறுத்துவோம், தோலைப் பற்றி, உரிய காலத்தில், சேர்ந்தே முடிவெடுப்போம்.